சாம்பியன்கள் இருந்தபோதே காலியான கேலரி

அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் டேட்டோனா பீச் நகரம் ஒவ்வொரு மார்ச்சிலும் பத்து நாள் பைக்காரர்கள் கையில்தான் இருக்கும். 'பைக் வீக்' என்று பெயர். பல லட்சம் பேர் வருகிறார்கள். மெயின் ஸ்ட்ரீட்டில் ஹார்லிகள் இரு பக்கமும் இடைவெளி இல்லாமல் நிற்கும், பார்களில் உட்கார இடம் கிடைக்காது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஸ்பீட்வேயில், அதே நாட்களில் 'டேட்டோனா 200' பந்தயம் நடக்கிறது. 1937-ல் கடற்கரை மணலில் தொடங்கி 1961-ல் ஸ்பீட்வேக்குள் வந்த பழைய பந்தயம் அது. 1974-ல் பல முறை உலக சாம்பியனான இத்தாலியின் ஜியாகோமோ அகோஸ்தினியே கடல் கடந்து வந்து அதில் ஜெயித்திருக்கிறார். இன்று அந்தப் பிரம்மாண்டமான கேலரியில் ஆட்கள் திட்டுத்திட்டாகத்தான் தெரிகிறார்கள்.

பைக்கை நேசிக்கிறவன் ஊரெல்லாம் நிறைந்திருக்கிறான். பைக் பந்தயத்துக்கு மட்டும் வருவதில்லை. ஏன்?

முதலில் எந்தப் பந்தயம் என்று சொல்லிவிடலாம். இங்கே ரோடு ரேஸிங் என்பது தார் போட்ட சர்க்யூட்டில் நடப்பது: உலக அளவில் மோட்டோஜிபி (பந்தயத்துக்கென்றே செய்த பைக்), சூப்பர்பைக் (கடையில் விற்கும் பைக்கைத் தயார் செய்தது), உள்நாட்டில் ஏ.எம்.ஏ. (அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம்) சூப்பர்பைக், 2015 முதல் மோட்டோஅமெரிக்கா. மண்ணில் நடக்கும் சூப்பர்கிராஸின் கதை வேறு. அது நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் 'அமெரிக்கர்களுக்கு இரண்டு சக்கரப் பந்தயமே பிடிக்காமல் போய்விட்டது' என்ற பேச்சை இங்கேயே ஒதுக்கிவிடலாம்.

'நம்ம ஆள் ஜெயிக்கலை' என்ற விளக்கம்

யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் இதுதான்: அமெரிக்கர்கள் ஜெயிப்பது நின்றது, ரசிகர்கள் போய்விட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 1978 முதல் 1993 வரையிலான 16 ஆண்டுகளில், மோட்டோஜிபியின் முன்னோடியான 500 சிசி உலகப் பட்டத்தை அமெரிக்கர்கள் 13 முறை வாங்கினார்கள். கென்னி ராபர்ட்ஸ் மூன்று, ஃப்ரெடி ஸ்பென்சர் இரண்டு, எட்டி லாசன் நான்கு, வெய்ன் ரெய்னி மூன்று, கெவின் ஷ்வான்ட்ஸ் ஒன்று. அதற்குப் பிறகு 2000-ல் ராபர்ட்ஸின் மகன் கென்னி ஜூனியர், 2006-ல் நிக்கி ஹேடன். அவ்வளவுதான். 2015-ல் ஹேடன் மோட்டோஜிபியை விட்டுப் போன பிறகு, முழு சீசன் ஓட்டும் அமெரிக்கர் என்று அங்கே ஒருவர்கூட இல்லை.

ஆனால் ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. அமெரிக்கர்கள் உலகத்தை ஆண்ட அந்தக் காலத்தின் முதல் பத்து ஆண்டில் அமெரிக்க மண்ணில் ஒரு உலக கிராண்ட் பிரிக்ஸ்கூட நடக்கவில்லை. 1964, 1965-ல் டேட்டோனாவில் நடந்தது. அப்புறம் 1988-ல் கலிஃபோர்னியாவின் லகுனா சேகாவில்தான். ராபர்ட்ஸ் மூன்று முறை உலக சாம்பியன் ஆனதை உள்ளூர்க்காரன் மாதப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டான். அப்படியிருந்தும் உள்நாட்டுப் பந்தயங்களுக்குக் கூட்டம் வந்தது.

மறுபக்கம், உள்நாட்டுத் தொடர் உடைந்து விழுந்தது எப்போது? 2008, 2009-ல். அப்போது அமெரிக்கர்கள் தோற்றுக்கொண்டா இருந்தார்கள்? ஹேடன் உலகப் பட்டம் வாங்கி இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. 2009-ல் டெக்ஸாஸ்காரரான பென் ஸ்பீஸ், பெரும்பாலும் தனக்குப் புதிதான சர்க்யூட்களில் ஓட்டி, 28 பந்தயங்களில் 14-ஐ ஜெயித்து, வந்த முதல் ஆண்டிலேயே உலக சூப்பர்பைக் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார். சாம்பியன்கள் இருந்தார்கள். ரசிகர்கள்தான் கரைந்துகொண்டிருந்தார்கள்.

இன்னொரு சாட்சி ஃபார்முலா ஒன். அதில் கடைசியாக உலகப் பட்டம் வாங்கிய அமெரிக்கர் மரியோ ஆண்ட்ரெட்டி, 1978-ல். ராபர்ட்ஸ் முதல் பட்டம் வாங்கிய அதே ஆண்டு. அதன் பிறகு ஒருவரும் இல்லை. ஆனாலும் கடந்த சில ஆண்டுகளில் ஃபார்முலா ஒன்னுக்கு அங்கே வந்திருக்கும் கூட்டத்தை எல்லோரும் பார்க்கிறோம். டெக்ஸாஸின் ஆஸ்டினில் நடப்பது போதாது என்று 2022-ல் மயாமி, 2023-ல் லாஸ் வேகாஸ். சொந்த ஊர் சாம்பியன் இருந்தால் நல்லதுதான். இல்லாவிட்டாலும் கூட்டம் சேரும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

என் கணிப்பு இது. அமெரிக்க ரசிகனை ரோடு ரேஸிங்கோடு கட்டி வைத்திருந்தவை மூன்று. தான் வளர்ந்த ஊர்ப் பந்தயத்திலேயே அந்த வீரனை முன்பே பார்த்திருந்தான். டிராக்கில் ஓடிய பைக் அவன் வீட்டு கராஜிலும் நின்றது. டிவியைப் போட்டால் ரேஸ் வந்தது. மூன்றும் வேறு வேறு ஆண்டுகளில், வேறு வேறு ஆட்களின் முடிவுகளால் அறுந்தன. சாம்பியன்கள் இல்லாமல் போனது அதன் விளைவு.

மண்ணும் தாரும் ஒரே கணக்கில் இருந்த காலம்

பழைய ஏ.எம்.ஏ. கிராண்ட் நேஷனல் சாம்பியன்ஷிப் ஒரு விசித்திரமான போட்டி. மைல், அரை மைல், ஷார்ட் டிராக், டி.டி. என்று நான்கு வகை மண் தடம். ஐந்தாவதாக ரோடு ரேஸ். எல்லாவற்றுக்கும் ஒரே புள்ளிப் பட்டியல். மண்ணில் மட்டும் கெட்டிக்காரனாக இருந்தால் பட்டம் கஷ்டம், தாரிலும் புள்ளி சேர்க்க வேண்டும். இந்த ஐந்து வகையிலும் ஜெயித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்: டிக் மான், கென்னி ராபர்ட்ஸ், பப்பா ஷோபர்ட், டக் சாண்ட்லர்.

இதனால் கிடைத்த லாபம் வீரர்களுக்கு மட்டும் இல்லை. இல்லினாயிலோ இண்டியானாவிலோ திருவிழா மைதானத்து மண் தடத்தில் சனிக்கிழமை ராத்திரி ராபர்ட்ஸைப் பார்த்த விவசாயிக்கும் மெக்கானிக்கும், அடுத்த மாதம் அவர் தாரில் ஓட்டும்போது யார் என்று யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. புள்ளி வித்தியாசம் எத்தனை என்பதும் தெரியும். ரோடு ரேஸுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்ததே மண் பந்தயம்தான்.

1986-ல் இரண்டையும் பிரித்தார்கள். தாரில் ஓட்டும் பைக் ஒரு ரகமாகவும் மண் பைக் வேறொரு ரகமாகவும் ஆகிவிட்ட நிலையில் ஒரே அணி இரண்டுக்கும் செலவு செய்வது கஷ்டம். நிர்வாகக் கண்ணில் பார்த்தால் தப்பே சொல்ல முடியாது. ஆனால் அன்று முதல் ரோடு ரேஸ் தன் ரசிகனைத் தானே தேட வேண்டியதாயிற்று.

வீரர்கள் பக்கம் இதன் விளைவு தெரியக் கொஞ்ச காலம் ஆனது. 500 சிசி டூ-ஸ்ட்ரோக் பைக்கின் பின்சக்கரம் எப்போது வழுக்கும் என்று சொல்ல முடியாது. மண்ணில் சறுக்கியே வளர்ந்த ராபர்ட்ஸ், ஸ்பென்சர், லாசன், ரெய்னிக்கு அது பழகிய சங்கதி, ஐரோப்பியர்களுக்குப் பீதி. பிறகு ஐரோப்பியர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். வாலண்டினோ ரொஸ்ஸி இத்தாலியில் தன் ஊர்ப் பக்கம் சொந்தமாக ஒரு மண் தடமே போட்டார். ஸ்பெயினில் மார்க் மார்க்கெஸ் மண்ணில் பயிற்சி எடுத்தார். 2014 ஜனவரியில் பார்சிலோனாவின் உள்ளரங்க மண் பந்தயத்தில் பிராட் பேக்கர் என்ற அமெரிக்க மண் தட வீரர் மார்க்கெஸைத் தோற்கடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் மார்க்கெஸ் அங்கே திரும்பி வந்து ஜெயித்துவிட்டார். அமெரிக்கர்களின் கைத்தொழில் கடல் தாண்டிப் போய்விட்டது என்பதற்கு அந்த ஒரு வருடம் போதும்.

ஷோரூமில் நின்ற பைக்

இரண்டாவது கட்டு சூப்பர்பைக். ஏ.எம்.ஏ. இதை 1976-ல் தொடங்கியது. கடையில் விற்கும் பைக்கைப் பந்தயத்துக்குத் தயார் செய்து ஓட்ட வேண்டும். ஆரம்ப காலப் படங்களைப் பாருங்கள்: அகலமான, உயர்ந்த ஹேண்டில்பார், முன்னால் கண்ணாடிக் கூண்டு கிடையாது, அலுவலகம் போகிற பைக்கில் நம்பர் பலகை ஒட்டியதுபோலத்தான் இருக்கும். பச்சைக் கவாசாகியில் எட்டி லாசன் 1981, 1982 பட்டங்களை வாங்கினார். கவாசாகி உடனே அதே பச்சையில் 'எட்டி லாசன் ரெப்ளிகா' என்று கேஇசட் 1000 ஆர் மாடலைக் கடைக்கு அனுப்பியது. ஞாயிறு ஜெயித்தால் திங்கள் விற்கும் என்று வியாபாரத்தில் சொல்வது அங்கே நிஜமாகவே நடந்தது.

1985-ல் டேட்டோனா 200-ம் சூப்பர்பைக்குக்கு மாறியது. அந்த ஆண்டு ஸ்பென்சர் ஒரே வாரத்தில் அங்கே மூன்று பிரிவிலும் ஜெயித்தார். தொண்ணூறுகளில் ஹோண்டா, யமஹா, சுசூகி, கவாசாகி, டுகாட்டி எல்லாம் சொந்த அணியோடு நின்றன. ஹார்லிகூட வி.ஆர். 1000 என்று ஒரு பைக்கைச் செய்து 1994 முதல் சில ஆண்டு முட்டி மோதிப் பார்த்தது. ரேஸில் சுசூகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் ஜெயித்தால், கேலரியில் உட்கார்ந்திருக்கும் இருபத்தைந்து வயதுக்காரன் கீழே பார்க்கிங்கில் நிறுத்தியிருந்ததும் ஜிஎஸ்எக்ஸ்-ஆர்தான்.

இந்தக் காட்சியிலும் ஒரு ஓட்டை இருந்தது, மறைக்க வேண்டாம். 2003 முதல் 2009 வரை ஏழு ஆண்டும் பட்டம் சுசூகிக்கே. ஆஸ்திரேலியரான மேட் மிளாடின் நான்கு, ஸ்பீஸ் மூன்று. இருவரும் ஒரே அணி. மூன்றாவது இடத்துக்கு யார் என்பதுதான் மற்றவர்களுக்கு மிச்சம். முன்வரிசையில் ஒரே நிறம் தெரிந்தால் கவாசாகி ரசிகன் எதற்கு டிக்கெட் வாங்குவான்? 'பந்தயம் சலிப்பாகிவிட்டது' என்ற புகார் அப்போதே உரக்கக் கேட்டது, அதில் உண்மையும் இருந்தது.

2005-ல் உச்சம், 2009-ல் பள்ளம்

2005 ஜூலையில் மோட்டோஜிபி 11 ஆண்டு கழித்து லகுனா சேகாவுக்குத் திரும்பியது. கென்டக்கி மாநிலம் ஓவன்ஸ்பரோவைச் சேர்ந்த நிக்கி ஹேடன் அங்கே தன் முதல் கிராண்ட் பிரிக்ஸை ஜெயித்தார். ஜெயித்த பிறகான சுற்றில் அப்பா எர்லைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். ஹோண்டாவின் விலைமதிப்பற்ற பந்தய பைக்கில், பின் சீட்டே இல்லாத இடத்தில், கையில் கொடியோடு ஒரு கென்டக்கி அப்பா. எர்லுக்கும் மண் தடப் பின்னணி உண்டு. மூன்று மகன்களும் பந்தய வீரர்கள். அந்த மேட்டில் நின்றிருந்த கூட்டத்துக்கு அதைவிட நெருக்கமான படம் வேறு கிடைத்திருக்காது. அடுத்த ஆண்டும் ஹேடன் அங்கே ஜெயித்தார். கடைசிப் பந்தயமான வலென்சியாவில் ரொஸ்ஸி விழ, ஐந்தே புள்ளியில் உலக சாம்பியன் ஆனார்.

அமெரிக்காவில் புது பைக் விற்பனையும் அந்த ஆண்டுகளில்தான் உச்சத்தில் இருந்தது. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல்.

அதே நேரத்தில் உள்நாட்டில் முதல் விரிசல். 2005-ல் டேட்டோனா 200-ஐ சூப்பர்பைக்கிடமிருந்து எடுத்து 600 சிசி வகைக்குக் கொடுத்தார்கள். 31 டிகிரி சரிந்த வளைவில் 1000 சிசி வேகத்துக்கு டயர் தாங்காது என்பது பயம். அது நியாயமான பயம்தான், உயிர் விஷயம். ஆனால் நாட்டின் மிகப் பெரிய பந்தயம் நாட்டின் மிகப் பெரிய வகுப்பில் இல்லை என்று ஆனது. பெரிய நட்சத்திரங்கள் ஓட்டாத டேட்டோனா 200-ஐப் பார்க்க பைக் வீக் கூட்டம் ஏன் மெயின் ஸ்ட்ரீட்டை விட்டு வர வேண்டும்?

பிறகு 2008. ஏ.எம்.ஏ. தன் தொழில்முறைப் பந்தய உரிமைகளை டேட்டோனா மோட்டார்ஸ்போர்ட்ஸ் குரூப் என்ற நிறுவனத்துக்கு விற்றது. பின்னணியில் அமெரிக்காவின் பெரிய கார் பந்தயத் தொடரான நாஸ்காரை உருவாக்கிய ஃப்ரான்ஸ் குடும்பத்தின் ஜிம் ஃப்ரான்ஸ். முன்னால் நின்று நடத்தியவர் ரோஜர் எட்மண்ட்சன். அவர்கள் பார்த்த நோய் சரியானது: ஒரே அணி ஜெயிக்கிறது, செலவு கன்னாபின்னாவென்று ஏறுகிறது. கொடுத்த மருந்துதான் நோயாளியைப் படுக்கையில் போட்டது. நாஸ்கார் மாதிரி எல்லா வண்டியையும் சமமாக்கி, நெருக்கமாக ஓடவிட்டால் கூட்டம் வரும் என்று நினைத்தார்கள். தொழிற்சாலை அணிகளின் பிடியைத் தளர்த்த விதிகளை மாற்றினார்கள். 600 சிசி நான்கு சிலிண்டர் பைக்குகளோடு, ஹார்லிக்குச் சொந்தமான ப்யூல் (Buell) நிறுவனத்தின் 1125 சிசி பைக்கை ஒரே வகுப்பில் ஓடவிட்டார்கள். நின்று பாயும் ஸ்டார்ட்டுக்குப் பதிலாகச் சில வகுப்பில் கார் பந்தயம்போல ஊர்ந்து வந்து கிளம்பும் ஸ்டார்ட், நடுவே பேஸ் கார். 2009 டேட்டோனா 200-ஐ ராத்திரி விளக்கில் நடத்தினார்கள்.

டேனி எஸ்லிக் ப்யூலில் அந்த வகுப்பின் பட்டத்தை 2009-ல் வாங்கினார். நல்ல வீரர், நன்றாக ஓட்டினார். ஆனால் 600-க்கு எதிராக 1125 என்று பார்த்த ரசிகன் அதைப் பந்தயமாக ஏற்கவில்லை. அதே அக்டோபரில் ஹார்லி ப்யூல் நிறுவனத்தையே மூடிவிட்டது. பட்டம் வாங்கிய பைக்குக்குக் கடையும் இல்லை, வாங்க ஆளும் இல்லை.

ஜப்பானிய நிறுவனங்கள் முதலில் முறைத்தன. தனியாகத் தொடர் நடத்தலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது. அதற்குள் 2008 செப்டம்பரில் பொருளாதாரம் இடிந்தது. ஹோண்டாவும் கவாசாகியும் 2009-க்குத் தங்கள் அதிகாரப்பூர்வ சூப்பர்பைக் அணிகளைக் கலைத்தன. விதிச் சண்டையா, பணமுடையா, எது அதிகம் என்று இன்றும் வாதம் உண்டு. எனக்குத் தோன்றுவது: பணம் இருந்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள், சண்டை இல்லாவிட்டால் சிக்கனமாகவாவது ஓட்டியிருப்பார்கள். இரண்டும் ஒரே ஆண்டில் வந்ததுதான் கேடு.

மிளாடின் அந்த ஆண்டு, 2003-க்கு முன்பு வாங்கிய மூன்றையும் சேர்த்து, தன் ஏழாவது பட்டத்தை வாங்கினார். டொபீகா சர்க்யூட் பாதுகாப்பாக இல்லை என்று அங்கே ஓட்ட மறுத்தார். சீசன் முடிந்ததும் ஓய்வு பெற்றார். ஸ்பீஸ் ஏற்கெனவே ஐரோப்பா போயிருந்தார். இரண்டு பெரிய பெயரும் போன இடத்தில் ஜாஷ் ஹேய்ஸ் யமஹாவில் வந்து நான்கு பட்டம் வாங்கினார். அருமையான வீரர். பார்க்கத்தான் ஆள் இல்லை.

விற்பனை பக்கம் அடி இன்னும் பலம். 2010-க்குள் புது பைக் விற்பனை உச்சத்தின் பாதிக்கும் கீழே போனது. கடன் கொடுப்பவர்கள் கையை மூடினார்கள். இளைஞனுக்கு 600 சிசி ஸ்போர்ட் பைக் வாங்கக் கடன் கிடைப்பது ஒரு பாடு. அதன் இன்சூரன்ஸ் கட்டுவது இன்னொரு பாடு. மோட்டார்சைக்கிள் இண்டஸ்ட்ரி கவுன்சில் எடுத்த கணக்கில், பைக் உரிமையாளரின் நடு வயது 1990-ல் 32, 2018-ல் 50. முன்பு டிராக்கில் ஓடியதும் கராஜில் நின்றதும் ஒரே பைக்காக இருந்தது. இப்போது கராஜில் நிற்பது ஐம்பது வயதுக்காரரின் ஹார்லி. டிராக்கில் ஓடுவதோ அவர் முதுகுவலியோடு ஏறக்கூட முடியாத ஒன்று.

டிவியில் தேட வேண்டியதாயிற்று

1996-ல் ஸ்பீட்விஷன் என்று ஒரு கேபிள் சேனல் வந்தது. நாள் முழுக்க மோட்டார் சமாச்சாரம். பிறகு அது 'ஸ்பீட்' ஆயிற்று. ஏ.எம்.ஏ. சூப்பர்பைக், மோட்டோஜிபி எல்லாம் அதில்தான். ரிமோட்டில் ஒரே எண்ணை மனப்பாடமாக வைத்திருந்த தலைமுறை அது. சேனலை மாற்றும்போது தற்செயலாக ரேஸில் நின்று ரசிகன் ஆனவர்கள் ஏராளம். 2013 ஆகஸ்ட் 17-ல் ஸ்பீட் போய் ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் 1 வந்தது. கால்பந்துக்கும் பேஸ்பாலுக்கும் நடுவே பைக்குக்கு இடம் சுருங்கியது. மோட்டோஜிபி 2015-ல் பீஇன் ஸ்போர்ட்ஸுக்குப் போனது, 2019-ல் என்.பி.சி.க்கு, அதற்குப் பிறகும் கை மாறியது. உள்நாட்டுத் தொடர் 2014-ல் டிவி ஒப்பந்தமே இல்லாமல் இணையத்தில் மட்டும் ஓடியது. பந்தயங்களின் எண்ணிக்கையும் அந்த ஆண்டு சுருங்கிவிட்டது.

நேரமும் எதிரி. ஐரோப்பாவில் மதியம் 2 மணிக்குத் தொடங்கும் ரேஸ் கோடையில் நமக்கு மாலை 5:30, டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம். கலிஃபோர்னியாக்காரனுக்கு அது ஞாயிறு விடிகாலை 5 மணி. பைத்தியமாக இருப்பவன் எழுவான். புதிதாக ஒருவன் ரசிகன் ஆவதற்கு அது நேரமில்லை.

சூப்பர்கிராஸ் இங்கேதான் ஜெயித்தது. சனிக்கிழமை சாயங்காலம், நகரத்துக்குள்ளேயே ஒரு ஸ்டேடியம், சீட்டில் உட்கார்ந்தால் முழுத் தடமும் கண்ணில். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்து குழந்தைகளோடு வீட்டுக்குப் போய்விடலாம். அந்தக் குழந்தையும் நான்கு ஐந்து வயதில் 50 சிசி மண் பைக்கில் ஏறியிருக்கும். விஸ்கான்சின் மாநிலத்தின் ரோடு அமெரிக்கா சர்க்யூட் ஒரு சுற்று நான்கு மைல். அழகான காடு, ஆனால் நின்ற இடத்திலிருந்து ஒரு வளைவுதான் தெரியும். பைக்குகள் கூட்டமாக வரும், போகும், அப்புறம் இரண்டு நிமிஷம் பறவைச் சத்தம்.

மூன்று கிராண்ட் பிரிக்ஸ் ஒன்றானது

2013-ல் அமெரிக்காவில் மூன்று மோட்டோஜிபி பந்தயங்கள்: ஆஸ்டின், லகுனா சேகா, இண்டியானாபொலிஸ். மூன்றையும் இருபது வயது மார்க் மார்க்கெஸ் ஜெயித்தார். அடுத்த ஆண்டு லகுனா இல்லை. 2015-க்குப் பிறகு இண்டியானாபொலிஸும் இல்லை. மிஞ்சியது ஆஸ்டின். அங்கேயும் 2013 முதல் 2018 வரை ஆறு ஆண்டும் மார்க்கெஸ்தான். மூன்று பந்தயம் மூன்று மூலையில் இருந்தபோது கலிஃபோர்னியாக்காரனும் நடுமேற்குக்காரனும் காரில் போய்ப் பார்த்தார்கள். இப்போது விமானம், ஹோட்டல், விடுமுறை.

2017 மே மாதம் இத்தாலியில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த ஹேடன் மீது கார் மோதி, சில நாளில் இறந்தார். வயது 35. உலக அளவில் அமெரிக்க ரசிகன் கைகாட்டிச் சொல்லக்கூடிய முகம் அதோடு போனது.

ரெய்னியின் தொடரும் பெட்டி வைத்த ஹார்லிகளும்

வெய்ன் ரெய்னி 1993 செப்டம்பரில் மிசானோவில் விழுந்து முதுகெலும்பு முறிந்து, அன்று முதல் சக்கர நாற்காலியில் இருக்கிறார். 2014-ல் அவரும் கூட்டாளிகளும் உள்நாட்டுத் தொடரின் உரிமையை வாங்கி மோட்டோஅமெரிக்கா என்று பெயர் வைத்தார்கள். விதிகளை உலக சூப்பர்பைக்கோடு ஒத்துப்போகச் செய்தார்கள், தொழிற்சாலைகளோடு பேசினார்கள், ரேஸை யூடியூபிலும் சொந்த ஸ்ட்ரீமிங்கிலும் கொண்டுவந்தார்கள். 2022-ல் டேட்டோனா 200-ஐயும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நிதானமான, பொறுப்பான வேலை. சரிவு நின்றது. ஏற்றம் வந்தது யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து.

2020 அக்டோபரில் லகுனா சேகாவில் ஒரு வேடிக்கைப் பந்தயம். 'கிங் ஆஃப் த பேகர்ஸ்'. பேகர் என்றால் நீண்ட பயணத்துக்கான பெரிய பைக்: முன்னால் அகலமான முகப்பு, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி. பெட்டியைக் கழற்றக் கூடாது என்பதே விதி. டைலர் ஓ'ஹாரா 'இந்தியன்' கம்பெனியின் பைக்கில் ஜெயித்தார். அடுத்த ஆண்டே அது தொடராக ஆனது. ஹார்லி ஒரு பக்கம், இந்தியன் ஒரு பக்கம். (இந்தியன் என்பது 1901-ல் மசாசூசெட்ஸில் தொடங்கிய கம்பெனி, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) குறைந்தபட்ச எடை 620 பவுண்டு, அதாவது 281 கிலோ, மோட்டோஜிபி பைக் 157. அந்தக் கனத்தை உயரத் தூக்கிய சஸ்பென்ஷனில் நிறுத்தி, பெட்டி தரையில் உரசாத உயரத்தில் மாட்டி, லகுனாவின் கார்க்ஸ்க்ரூ இறக்கத்தில் தலைகீழாக விழுவதுபோல இறக்குகிறார்கள். முழங்கை தரையில் தொடுகிறது. டேட்டோனாவில் மணிக்கு 180 மைலுக்கு மேல் போகிறது.

சுத்தமான ரேஸ் ரசிகர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமான தடயம் இதுதான். பேகர் வகுப்பில் உலக சாம்பியன் கிடையாது. 2024 பட்டம் வாங்கிய ட்ராய் ஹெர்ஃபாஸ் ஆஸ்திரேலியர். ரசிகனுக்கு அது பொருட்டாகவே இல்லை. தன் வீட்டில் நிற்கும் பைக் டிராக்கில் போகிறது, தன் பிராண்டுக்கு எதிரி பிராண்டு யார் என்று தெரிகிறது. 1982-ல் பச்சைக் கவாசாகிக்குக் கைதட்டியவனும் இதே காரணத்துக்காகத்தான் தட்டினான். ஆள் மாறவில்லை, வயது ஏறியிருக்கிறது, பைக் மாறியிருக்கிறது.

லிபர்ட்டி வந்த பிறகு

ஃபார்முலா ஒன்னை 2017-ல் வாங்கிய அமெரிக்க நிறுவனம் லிபர்ட்டி மீடியா, மோட்டோஜிபியை நடத்தும் டோர்னாவை 2025 ஜூலையில் வாங்கி முடித்தது. அதற்கு முன்பே, 2024-ல், நாஸ்கார் உலகத்தின் ட்ராக்ஹவுஸ் அணி மோட்டோஜிபிக்குள் நுழைந்திருந்தது. பைக்கில் நட்சத்திரமும் கோடும். ஓட்டியவர்கள் ஒரு போர்ச்சுகீசியர், ஒரு ஸ்பானியர். 2025-க்கு ஒரு இடம் காலியானபோது, கலிஃபோர்னியாவின் ஜோ ராபர்ட்ஸுக்குக் கொடுப்பார்கள் என்று பலர் நம்பினார்கள். அவர் 2024-ல் இத்தாலியின் முஜெல்லோவில், மோட்டோஜிபிக்கு அடுத்த கீழ்ப்படியான மோட்டோ2 பந்தயம் ஜெயித்திருந்தார். ட்ராக்ஹவுஸ் ஜப்பானின் ஐ ஒகுராவை எடுத்தது. அமெரிக்க ரசிகர்கள் கொதித்தார்கள். ஒகுரா அதே 2024-ல் மோட்டோ2 பட்டத்தை வாங்கினார். விளையாட்டுக் கணக்கில் அணி செய்தது சரி. என் வாதப்படி பார்த்தால் ரசிகர் கணக்கிலும் பெரிய இழப்பில்லை. ஓர் அமெரிக்கர் பதினைந்தாவது இடத்தில் சுற்றி வருவதைப் பார்க்க யாரும் விடிகாலை எழப்போவதில்லை.

பேகர் பந்தயத்தை 2026 முதல் மோட்டோஜிபி வாரங்களோடு சேர்த்து ஆறு இடங்களில் உலகக் கோப்பையாக நடத்த ஹார்லியோடு ஒப்பந்தம் அறிவித்திருக்கிறார்கள். வியாபாரமாகச் சரியான கணக்கு. ஆனால் அது இருக்கிற ஐம்பது வயது ரசிகனைத் தக்கவைக்கும் ஏற்பாடு. பதினைந்து வயதுக்காரனுக்கு அதில் ஒன்றுமில்லை. அவனுக்காக மோட்டோஅமெரிக்கா 2025-ல் டேலன்ட் கப் என்று சின்ன பந்தய பைக்கில் ஒரு வகுப்பு தொடங்கியிருக்கிறது. ஸ்பெயினில் அவன் வயதுப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட வகுப்புகள் பல படிகளாக நெடுங்காலமாக இருக்கின்றன. அங்கே அந்தப் பிள்ளைகளைப் பார்க்க ஊர்க்காரர்களும் வருகிறார்கள்.

லிபர்ட்டி பணத்தை எங்கே போடும் என்று பார்க்க வேண்டும். ஆஸ்டினுக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய நகரம், இசை நிகழ்ச்சி, பிரபலங்கள் என்று போனால் டிக்கெட் விற்கும், சந்தேகமே இல்லை. ஆனால் பார்பர், ரோடு அட்லாண்டா, ரோடு அமெரிக்கா மாதிரி உள்நாட்டு சர்க்யூட்களில் டேலன்ட் கப் ஓட்டும் பிள்ளையின் பெயர் பக்கத்து ஊருக்காவது தெரியாத வரை, அவன் பிற்காலத்தில் மோட்டோஜிபிக்கே போனாலும் அமெரிக்க ரசிகனுக்கு அவன் புது ஆளாகத்தான் இருப்பான்.